வரலாறு, பண்பாடு, சிந்தனை: நல்ல பாட்காஸ்ட்டைக் கண்டுபிடிப்பதும் அடுத்தவருக்குச் சொல்வதும்

வரலாறு, பண்பாடு, தத்துவம் என்று ஏதாவது கேட்கலாமே என நினைத்துத் தேடினால், முதலில் வந்து நிற்பது 'கட்டாயம் கேட்க வேண்டிய 50 பாட்காஸ்ட்கள்' வகைப் பட்டியல்தான். அதில் இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் தப்பில்லை. ஆனால் ஏழெட்டை ஃபாலோ செய்து வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்தும் எதையும் கேட்காமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். நான் சொல்வது இதுதான்: நிகழ்ச்சியைத் தேடாதீர்கள், எபிசோடைத் தேடுங்கள். அடுத்தவருக்குச் சொல்லும்போதும் ஒரே ஒரு எபிசோடைச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கான கட்டுரை என்பதால் ஆப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆப்: இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம்

பாட்காஸ்ட் என்பது ஒலிக்கோப்புகளும், 'புது எபிசோட் வந்திருக்கிறது' என்று ஆப்புக்குத் தெரிவிக்கும் ஒரு முகவரியும்தான். அந்த முகவரியை ஆர்எஸ்எஸ் ஃபீட் என்பார்கள். இந்த ஏற்பாட்டினால் பெரும்பாலான நிகழ்ச்சிகள் எந்த ஆப்பிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஃபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஏற்கெனவே இருக்கும். ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் நல்லது. காசு கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. பாக்கெட் காஸ்ட்ஸ் இரண்டிலும் ஓடும். பாட்டு கேட்க ஸ்பாட்டிஃபை வைத்திருந்தால் அதுவே போதும். கூகுள் பாட்காஸ்ட்ஸை மட்டும் தேடாதீர்கள். 2024-இல் மூடிவிட்டார்கள், பழைய கட்டுரைகளில் இன்னும் அதன் பெயர் இருக்கிறது.

போட்டவுடன் இரண்டு செட்டிங்கை மாற்றுங்கள். தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள். வைஃபையில் மட்டும் டவுன்லோட் என்று வையுங்கள். ஒரு மணி நேர எபிசோட் சுமார் 30 முதல் 60 எம்பி வரை வரும். பத்து நிகழ்ச்சிகள் தாமாக இறங்க ஆரம்பித்தால் ஃபோன் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் எபிசோட் உங்களுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும்

புதியவர்கள் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தெரியாததைக் கற்கத்தானே கேட்கிறோம் என்று நேராக பைசாந்தியத்துக்கோ மங்கோலியர்களுக்கோ போய்விடுகிறார்கள். அங்கே சொல்லப்படுவது சரியா, மேலோட்டமா, ஒருதலைப்பட்சமா என்று எடைபோட கையில் ஒன்றும் இருக்காது. முதலில் உங்களுக்குப் பழகிய ஒருவரைப் பற்றிக் கேளுங்கள்.

இதற்கு எனக்குப் பிடித்த இடம் பிபிசி ரேடியோ 4-க்காக சுனில் கில்னானி செய்த 'இன்கார்னேஷன்ஸ்'. புத்தர் முதல் திருபாய் அம்பானி வரை இந்தியாவின் 50 வாழ்க்கைகள், 2015-16-இல் ஒலிபரப்பானது. ஒவ்வொன்றும் கால் மணி நேரம்தான். ராஜராஜ சோழன், வ.உ.சி., ராமானுஜன், பெரியார், எம்.எஸ். சுப்புலட்சுமி எல்லாரும் உண்டு. வ.உ.சி. பற்றிய எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன கப்பல்கள், 1908-இல் கைது, கோவைச் சிறையில் இழுத்த செக்கு என்று நமக்கு ஒரு சித்திரம் பள்ளியிலேயே மனத்தில் பதிந்திருக்கிறது. இந்தக் கதையை அறியாத ஒருவருக்குச் சொல்லும்போது கில்னானி எதை முன்னால் வைக்கிறார், எதை ஒரு வரியில் கடக்கிறார், எதை விட்டேவிடுகிறார் என்று கவனியுங்கள். கால் மணி நேரத்தில் உங்கள் காது கொஞ்சம் கூர்மையாகிவிடும். பெரியார் எபிசோடைக் கேட்டுவிட்டு வீட்டில் சண்டை வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த படி 'இன் அவர் டைம்'. இதுவும் பிபிசி ரேடியோ 4. 1998 அக்டோபரில் தொடங்கியது. 2025 வரை மெல்வின் பிராக் நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எபிசோட்கள் இருக்கின்றன. ஒரு தலைப்பு, அந்தத் துறையில் வேலை செய்யும் மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். பின்னணி இசை இல்லை, விளையாட்டுப் பேச்சு இல்லை. பேராசிரியர் சுற்றி வளைத்தால் பிராக் குறுக்கே புகுந்து விஷயத்துக்கு இழுத்து வந்துவிடுவார். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். எனக்கு அந்த நிகழ்ச்சியின் உயிரே அதுதான். அசோகர், பகவத் கீதை, உபநிடதங்கள், தேயிலை, பூஜ்யம் என்று நமக்கு அருகில் இருக்கும் தலைப்புகளில் தொடங்கலாம். ஒலிபரப்பு முடிந்த பிறகும் அவர்கள் மைக்கை அணைக்காமல் பேசும் சில நிமிடங்கள் பிந்தைய எபிசோட்களின் கடைசியில் சேர்ந்து வரும். சில சமயம் சுவாரசியமான விஷயம் அங்கேதான் இருக்கும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பல எபிசோட்களின் பக்கத்தில் மேற்கொண்டு படிக்கப் புத்தகப் பட்டியலும் தருகிறார்கள்.

பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

ஒரு எபிசோட் பிடித்துவிட்டதா? அதே நிகழ்ச்சியின் அடுத்த எபிசோடுக்குப் போகாதீர்கள். அதில் பேசியவர்களில் உங்களைக் கவர்ந்தவரின் பெயரை எடுத்து ஆப்பின் தேடலில் போடுங்கள். நிகழ்ச்சி, எபிசோட் என்று தனித்தனியாகத் தேடும் வசதி இருந்தால் எபிசோடைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பின் தேடல் சரியில்லை என்றால் லிஸன் நோட்ஸ் என்ற இணையதளம் எபிசோட் அளவில் தேடித் தரும்.

எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். இன் அவர் டைமில் இப்னு சீனா என்ற பாரசீகத் தத்துவஞானி பற்றி ஒரு எபிசோட் உண்டு. அதில் பேசிய மூவரில் ஒருவர் பீட்டர் ஆடம்சன். அவர் பெயரைத் தேடினால், 2010-இலிருந்து அவரே நடத்திவரும் 'ஹிஸ்டரி ஆஃப் ஃபிலாசஃபி விதவுட் எனி கேப்ஸ்' வந்து நிற்கும். பெயரே சொல்கிறபடி, பெரிய தலைகளை மட்டும் தொட்டுவிட்டுத் தாவாமல் இடையில் இருக்கும் எல்லாரையும் விடாமல் சொல்லிவருகிறார். பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். 2015-இல் ஜொனார்டன் கனேரியோடு சேர்ந்து இந்தியத் தத்துவத்துக்கென்று தனித் தொடரே தொடங்கினார். உபநிடதம், பௌத்தம், நியாயம், மீமாம்சை, சார்வாகம் எல்லாம் அதில் வருகின்றன. அடுத்து கனேரியின் பெயரைத் தேடுவீர்கள். இப்படியே ஒரு மாதத்தில் எந்தப் பட்டியலும் தராத ஒரு பட்டியல் உங்களிடம் இருக்கும்.

புத்தகம் படிப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டு: படித்து முடித்த வரலாற்று நூலின் ஆசிரியர் பெயரைத் தேடுவது. புது நூல் வந்தால் ஆசிரியர்கள் இப்போது பாட்காஸ்ட் பாட்காஸ்ட்டாகப் போய்ப் பேசுகிறார்கள். நியூ புக்ஸ் நெட்வொர்க் இதற்கென்றே இருக்கிறது. தெற்காசியாவுக்குத் தனிப் பிரிவும் உண்டு. பேட்டி எடுப்பவர் ஆளுக்கு ஆள் மாறுவதால் தரம் ஏறி இறங்கும், ஒலியும் சுமாராக இருக்கும். ஆனாலும் வேறு எங்கும் கிடைக்காத நுணுக்கமான தலைப்புகள் அங்கே கிடைக்கும். அமித் வர்மா 2017-இலிருந்து நடத்தும் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' இன்னொரு எல்லை. வரலாற்றாசிரியர்களையும் பொருளாதார அறிஞர்களையும் உட்கார வைத்து நிதானமாகப் பேசுவார். ஐந்து மணி நேரத்தைத் தாண்டும் எபிசோட்கள் உண்டு. ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு வாரத்துக்குப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

தேடும்போது ஒரு சின்ன விஷயம். ஆங்கில நிகழ்ச்சிகளில், முக்கியமாக காலனிய வரலாறு பேசுபவற்றில், நம் ஊர்ப் பெயர்கள் பழைய வடிவத்தில்தான் இருக்கும். தரங்கம்பாடி என்று தேடினால் ஒன்றும் வராது, ட்ரான்குபார் என்று தேடினால் வரும். கோழிக்கோட்டுக்குக் காலிகட், தஞ்சாவூருக்கு டாஞ்சோர் என்று இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

நெடுந்தொடர்கள்

பல எபிசோட்களாக ஒரே கதையைச் சொல்லும் வகை இது. ஆப்கள் புதியதை மேலே காட்டும் என்பதால், இங்கே மட்டும் 'பழையது முதலில்' என்று வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மைக் டங்கன் 2007 முதல் 2012 வரை ரோமின் வரலாற்றை 179 எண்ணிட்ட எபிசோட்களில் சொல்லி முடித்தார். இந்த வகைக்கு முன்னோடி அதுதான். ஆனால் ஆரம்ப எபிசோட்களின் ஒலி சுமார். அங்கேயே சலித்து விட்டுவிடுகிறார்கள். நான் அவருடைய அடுத்த தொடரான 'ரெவல்யூஷன்ஸ்' பக்கம் அனுப்புவேன். அதிலும் இங்கிலாந்தில் ஆரம்பிக்கும் முதல் பருவத்துக்கு அல்ல, நான்காம் பருவத்துக்கு. அது கரீபியன் நாடான ஹெய்டி. பிரெஞ்சுக்காரர்களின் சர்க்கரைக் காலனியான செயின்ட் டொமிங்கில் 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது, 1804-இல் சுதந்திர நாடாக அறிவித்தது, நடுவில் அடிமைகளின் தலைவராக எழுந்த தூசான் லூவர்த்யூர் என்ற மனிதர். பிரெஞ்சுப் புரட்சியைப் பாடத்தில் படித்த நமக்கு, அதே ஆண்டுகளில் அதே முழக்கத்தைக் கடல் கடந்து அடிமைகள் கையிலெடுத்தபோது பாரிஸ் எப்படித் திணறியது என்பது பெரும்பாலும் புதிய செய்தி. அதைக் கேட்டுவிட்டு மூன்றாம் பருவமான பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னோக்கிப் போனால் அது வேறு மாதிரி கேட்கும்.

டான் கார்லினின் 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி'யை எல்லாப் பட்டியலும் முதலில் வைக்கும். முதல் உலகப் போரைப் பற்றிய ஆறு பகுதித் தொடர் புகழ்பெற்றது. ஒரு எபிசோடே நான்கு மணி நேரம் போகும். தான் வரலாற்றாசிரியர் இல்லை என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். குரலை ஏற்றி இறக்கி நாடகம் மாதிரி சொல்வார். மயங்காமல் இருப்பது கஷ்டம். தொடக்கக்காரர்கள் இதை மூன்றாவது நான்காவதாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பழைய எபிசோட்கள் விலைக்குத்தான் கிடைக்கும்.

பால் கூப்பரின் 'ஃபால் ஆஃப் சிவிலைசேஷன்ஸ்' வீழ்ந்த நாகரிகங்களைச் சொல்கிறது. விஜயநகரமும் அங்கோரும் அதில் உண்டு. இரவில் கேட்க ஏற்றது. வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் 2022-இல் தொடங்கிய 'எம்பயர்', இந்தியாவில் பிரிட்டிஷாரோடுதான் ஆரம்பிக்கிறது. டாம் ஹாலண்ட், டொமினிக் சாண்ட்புரூக் இருவரின் 'தி ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி' 2020-இலிருந்து வருகிறது. கலகலப்பு அதிகம், இங்கிலாந்து உள்ளூர் கிண்டல்களில் பாதி நமக்குப் புரியாது, பரவாயில்லை.

சொல்வதை நம்பலாமா?

குரல் நன்றாக இருந்தால் நம்பிவிடுகிறோம். அதுதான் இந்த ஊடகத்தின் ஆபத்து. புத்தகத்தில் அடிக்குறிப்பைப் பார்க்கலாம், காதில் அடிக்குறிப்பு கிடையாது. அதனால் நான் பார்க்கும் முதல் விஷயம், 'இது நமக்கு எப்படித் தெரியும்' என்று பேசுபவர் சொல்கிறாரா என்பது.

அசோகரையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கப் போரில் லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்பது அவரே வெட்டுவித்த 13-ஆம் பாறைக் கல்வெட்டில் இருக்கிறது. சோழர், பாண்டியர் பெயர்களும் அதே கல்வெட்டில் வருகின்றன. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துக்காட்டிய பிறகுதான் இதெல்லாம் மறுபடி வாசிக்கக் கிடைத்தது. ஆனால் அண்ணன் தம்பிகள் 99 பேரைக் கொன்றுவிட்டு ஆட்சிக்கு வந்தார் என்பது கல்வெட்டில் இல்லை. பிற்கால பௌத்த நூல்கள் சொல்லும் கதை. நல்ல எபிசோட் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே உறுதியோடு சொல்லும் நிகழ்ச்சியை நான் அடுத்த முறை சந்தேகத்தோடுதான் திறப்பேன்.

இன்னொரு சோதனை சிந்துவெளி எழுத்து. அது இன்னும் எல்லாரும் ஏற்கும்படி வாசிக்கப்படவில்லை. அது திராவிடமா, வேறொன்றா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. யாராவது 'புதிர் அவிழ்ந்துவிட்டது' என்று அடித்துச் சொன்னால், அவர் எந்தத் தரப்பாக இருந்தாலும், நமக்குப் பிடித்த தரப்பாகவே இருந்தாலும், எழுந்து போய்விடலாம். 'உங்களிடமிருந்து மறைத்த வரலாறு' என்று தலைப்பு வைப்பவர்களையும் அப்படியே.

இப்போது இயந்திரக் குரலில் தயாராகும் நிகழ்ச்சிகளும் புகுந்துவிட்டன. பேசுபவர் பெயர் எங்கும் இருக்காது, ஊர்ப் பெயர்களின் உச்சரிப்பு கோணலாக இருக்கும், ஒரே நாளில் பல எபிசோட் வந்து விழும். கண்டால் கடந்துவிடுங்கள்.

ஆங்கிலம் வேகமாக இருந்தால்

வேகத்தை 0.8-க்குக் குறையுங்கள், குரல் அவ்வளவு கெடாது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் 2024-இலிருந்து ஆங்கில எபிசோட்களுக்கு எழுத்து வடிவமும் கூடவே ஓடுகிறது. உச்சரிப்பு பிடிபடும் வரை அதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். கேட்கும் முன் அந்தத் தலைப்பைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஐந்து நிமிடம் புரட்டி ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் கண்ணில் ஏற்றிக்கொண்டால் பாதித் தடுமாற்றம் போய்விடும்.

தமிழில்? பாட்காஸ்ட் ஆப்களில் கதை வாசிப்பு நன்றாகவே இருக்கிறது. தீபிகா அருணின் 'கதை ஓசை' அதற்கு நல்ல தொடக்கம். வரலாறு என்று வரும்போது உருப்படியானவை பெரும்பாலும் யூடியூபில் உரைகளாகத்தான் கிடைக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை ஆகியவற்றின் சொற்பொழிவுகளைத் தேடிப் பாருங்கள். சில ஆங்கிலத்தில் இருக்கும், சில தமிழில். வரவேற்புரையையும் பொன்னாடையையும் தள்ளிவிட்டுக் கேட்கலாம். ஃபோன் திரையை அணைத்துவிட்டால் அதுவும் பாட்காஸ்ட்தான், யூடியூப் பிரீமியம் சந்தா இருந்தால்.

அடுத்தவருக்குச் சொல்லும்போது

'சூப்பர் பாட்காஸ்ட், கட்டாயம் கேளுங்க' என்று லிங்க் அனுப்பினால் யாரும் கேட்பதில்லை. ஆயிரம் எபிசோட் இருக்கும் நிகழ்ச்சியின் வாசலில் கொண்டுபோய் ஒருவரை நிறுத்திவிட்டு வந்தால் அவர் எங்கே திரும்புவார்? ஒருவருக்கு, ஒரு எபிசோட். எவ்வளவு நேரம், ஏன் அவருக்கு, எங்கே பொறுமை வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும். இப்படி:

'சித்தப்பா, வ.உ.சி. பத்தி பிபிசியில கால் மணி நேரம் ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்தான், ஆனா நிதானமா பேசுறார். காலையில நடக்கப் போகும்போது கேளுங்க. கப்பல் கம்பெனி எப்படி நொடிச்சுதுன்னு நீங்க சொன்னதும் அவர் சொல்றதும் ஒத்துப் போகுதான்னு பாத்துச் சொல்லுங்க.'

கடைசி வரி முக்கியம். கேட்டுவிட்டு அவர் சொல்வதற்கு ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் கேட்பார். அலுவலக நண்பருக்கு என்றால் இன்னும் சுருக்கமாக: 'பிரெஞ்சுப் புரட்சி பத்திப் பேசினோமே, ஹெய்டியைக் கேட்டுப் பாரு. ரெவல்யூஷன்ஸ், நான்காம் பருவம், முதல் எபிசோட். முதல் கொஞ்ச நேரம் பெயர்களா கொட்டும், தாண்டிடு.'

பாதி கேட்டதை அனுப்பாதீர்கள். கடைசியில் அவர்கள் எங்கே கொண்டுபோய் முடிக்கிறார்கள் என்று தெரியாமல் நீங்கள் உத்தரவாதம் தருகிறீர்கள். போர்க்களக் கொடூரம், சித்திரவதை வர்ணனை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கார்லினைப் பரிந்துரைக்கும்போது இது ரொம்ப அவசியம். காலேஜ் பசங்களுக்கு, ஒரு வரலாற்றறிஞரும் ஒரு நகைச்சுவைக் கலைஞரும் கிரெக் ஜென்னரோடு உட்கார்ந்து பேசும் பிபிசியின் 'யூ ஆர் டெட் டு மீ' நல்ல வாசல். தத்துவம் என்றால் ஓடுபவர்களுக்கு, கால் மணி நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் பேசும் 'ஃபிலாசஃபி பைட்ஸ்'.

நீளமான எபிசோடில் குறிப்பிட்ட ஒரு இடத்துக்காகவே ஒருவருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ஸ்பாட்டிஃபையிலும் பாக்கெட் காஸ்ட்ஸிலும் அந்த நிமிடத்திலிருந்தே தொடங்கும்படி பகிரலாம். லிங்க்கோடு நிகழ்ச்சியின் பெயர், எபிசோடின் தலைப்பு, நிமிடம் மூன்றையும் எழுத்தில் தட்டிவிடுங்கள். அவர் வேறு ஆப் வைத்திருக்கலாம், லிங்க் திறக்காமல் போகலாம்.

ஆப் எதுவுமே பழக்கமில்லாத பெரியவர்கள் என்றால் லிங்க் அனுப்புவதில் பயனில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் ஃபோனில் நீங்களே ஆப்பைப் போட்டு, அந்த ஒரு எபிசோடை மட்டும் டவுன்லோட் செய்து, முதல் ஐந்து நிமிடம் கூடவே உட்கார்ந்து கேளுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே ஓடட்டும்; சமையலறையிலிருந்து அத்தையோ பாட்டியோ ஒரு கேள்வி கேட்டால் நிறுத்திவிட்டுப் பேசுங்கள், மீதியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.